ஒன்பது நிமிடத்துக்கு ஒரு சின்னக் கப்

கேள்வி: அக்கா, நான் இஸ்ரேலில் அஷ்டோத் நகரத்தில் ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பாட்டிக்கு 81 வயது, மொராக்கோவில் பிறந்தவர். இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரி இன்சுலின், காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். இதயம் பலவீனம் என்று எம்பாக்ளிஃப்ளோசின், பைசோபுரோலால், ஒரு நீர் மாத்திரை.

போன வருஷம் யோம் கிப்பூர் என்னும் யூதர்களின் விரத நாளன்று சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு உளற ஆரம்பித்தார். விரலில் குத்திப் பார்த்தால் 54. நான் பதறிப்போய் ஜூஸ் கொடுத்தேன். தெளிந்ததும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இந்த வருஷமும் இருப்பேன் என்கிறார். மகன், 'அம்மா இஷ்டம்' என்கிறார். மகளோ, 'அம்மாவுக்குத் தெரியாமல் இன்சுலினைக் குறைத்துவிடு, மாத்திரையை மாற்றி வைத்துவிடு' என்று போனில் சொல்கிறார்.

இன்னொரு விஷயம். ஆறு மாதம் முன்பு பாட்டியின் மோதிரம் காணாமல் போனது. நான் எடுத்துவிட்டதாக மகனிடமும் எதிர்வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டார். பிறகு அவருடைய குளிர்கோட்டுப் பையிலேயே கிடைத்தது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 'பரவாயில்லை சவ்தா (பாட்டி)' என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. யோம் கிப்பூர் அன்றைக்கு நானும் பட்டினி இருக்க வேண்டுமா, அக்கா?

பதில்:

அன்புத் தங்கச்சி,

மோதிரத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த 54.

அன்று நீ செய்தது சரி. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54 என்பது மூளை தடுமாறும் இடம். உளறல் அதனால்தான். நீ ஜூஸ் கொடுக்காமல் சூரியன் மறையட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பாய். அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு இறக்கி வைத்துவிடு.

மகள் சொன்ன வழி வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், இது நான் பட்ட பாடம். ஹைஃபாவில் என் முதல் வேலை, ஒரு வயதான மனிதர். அவருக்கும் சர்க்கரை. யோம் கிப்பூர் அன்று மதியம் வாடிப்போய்க் கிடந்தார். மருந்து என்று சொல்லி சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார் பார், அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திட்டவில்லை, அப்படியே துப்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் என் கையால் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மாத்திரையைக்கூட அட்டையோடு கொண்டு வா, என் கண் முன்னால் பிரி என்பார். நோயாளிக்கு நம் கை மேல் நம்பிக்கை போய்விட்டால் பிறகு நாம் அந்த வீட்டில் வெறும் வேலைக்காரிதான். அதோடு இன்சுலினை நீயாகக் கூட்டுவது குறைப்பதெல்லாம் உன் வேலை இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் மகள் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்பார்.

மகன் சொல்லும் 'அம்மா இஷ்டம்' என்பதும் சரியில்லை. அது மரியாதை மாதிரி தெரிகிறது, ஆனால் பாட்டியின் மதமே அப்படிச் சொல்லவில்லை. இதுதான் நீ பிடித்துக்கொள்ள வேண்டிய நூல். பாட்டியை அவருடைய விரதத்திலிருந்து வெளியே இழுக்காதே. அவருடைய சட்டத்துக்கு உள்ளேயே அவர் சாப்பிட வழி இருக்கிறது. அந்த வழியை அவருக்குக் காட்ட வேண்டியவர் நீயும் இல்லை, மகளும் இல்லை. அவர் நம்புகிற ரப்பி, அதாவது யூத மத குரு.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் பேசும்போது உனக்கு உதவும். பைபிளில் லேவியராகமத்தில் ஏழாம் மாதம் பத்தாம் நாள் 'ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த' வேண்டும் என்று வருகிறது இல்லையா, அந்த நாள்தான் இது. அதற்கு அர்த்தம் உண்ணாமல் குடிக்காமல் இருப்பது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே புத்தகத்தில் 18ஆம் அதிகாரத்தில், கட்டளைகளின்படி செய்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்றும் இருக்கிறது. அவர்களுடைய பழைய குருமார்கள் இந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவற்றால் பிழைக்க வேண்டும், அவற்றால் சாகக் கூடாது என்றார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூர் விலகி வழிவிட வேண்டும். சலுகையாகக்கூட இல்லை, கட்டாயமாகவே.

சுமார் 1800 வருஷத்துக்கு முன் தொகுத்த மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில், நோயாளிக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறபடி உணவு கொடு என்று இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் அருகில் இல்லையென்றால் நோயாளி 'போதும்' என்று சொல்லும்வரை கொடு என்கிறது. பிற்காலச் சட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எனக்குச் சாப்பாடு வேண்டும் என்று நோயாளி சொன்னால் நூறு வைத்தியர்கள் வேண்டாம் என்றாலும் நோயாளி பேச்சைத்தான் கேட்க வேண்டும். இது தலைகீழானால்? வைத்தியர் சாப்பிடு என்கிறார், நோயாளி மாட்டேன் என்கிறார். அப்போது வைத்தியர் பேச்சு. பாட்டி இந்த இடத்தில்தான் நிற்கிறார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒரு வரி. பசியில் கண் இருண்டு விழுகிறவனைப் பற்றியும் மிஷ்னா பேசுகிறது. அவனுக்குக் கையில் கிடைத்ததைக் கொடு, விலக்கப்பட்ட உணவாக இருந்தாலும் கொடு, 'கண்கள் தெளியும்வரை' கொடு. தேனும் இனிப்பும் கண்ணைத் தெளிய வைக்கும் என்று மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத் அதற்கு விளக்கமும் சொல்கிறது. குளுக்கோமீட்டர் இல்லாத காலத்தில் எழுதியது! போன வருஷம் மூன்று மணிக்கு நீ பார்த்ததும் அதைத்தானே, ஜூஸ் உள்ளே போனதும் பாட்டியின் கண் தெளிந்ததை?

சரி, இப்போது என்ன செய்வது? இந்த வருஷம், 2026இல், விரதம் செப்டம்பர் 20 ஞாயிறு மாலை சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பு தொடங்கி 21 திங்கள் இருட்டிய பிறகு முடிகிறது. கிட்டத்தட்ட 25 மணி நேரம். நம் ஊர் நோன்பில் சஹர் உண்டு, விடியற்காலையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். இதில் அது கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதனால் இந்த வாரமே குப்பத் ஹோலிமில், அதாவது பாட்டியின் காப்பீட்டுக் கிளினிக்கில், டாக்டரிடம் நேரம் வாங்கு. பண்டிகைக்கு முந்தின வாரம் போனால் கூட்டம் நெரியும். மகனோ மகளோ ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும் என்று சொல். முடியாதென்றால் போனிலாவது டாக்டரோடு பேசட்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள். ஞாயிறு ராத்திரி இன்சுலின் எவ்வளவு? கிளிமிபிரைடு அன்று உண்டா? பட்டினியில் சர்க்கரையைப் பள்ளத்தில் தள்ளுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். மெட்ஃபார்மின் தனியாக அவ்வளவு இறக்காது. எம்பாக்ளிஃப்ளோசினைப் பற்றித் தனியாகக் கேள். அது சிறுநீரில் சர்க்கரையை வெளியே தள்ளும் மருந்து. சாப்பாடும் தண்ணீரும் இல்லாத நேரத்தில் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே. எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லட்டும். நீர் மாத்திரையையும் விடாதே. தண்ணீர் குடிக்காத நாளில் அது சிறுநீரகத்தைப் படுத்தும். ஆனால் இதயம் பலவீனமானவருக்கு அதை நம் இஷ்டத்துக்கு நிறுத்தவும் முடியாது. இவற்றுக்கெல்லாம் பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வாங்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் போனில் படம் பிடித்து, பிள்ளைகள் இருவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு. அங்கே யாரும் எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் படம் அங்கே இருந்தால் போதும்.

டாக்டர் விரதமே கூடாது என்று சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். இந்த வயதில், இந்த மருந்துகளோடு, போன வருஷம் அப்படி ஒரு சம்பவமும் நடந்த பிறகு, நான் அந்த நாற்காலியில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மகன் ரப்பியிடம் போக வேண்டும், பாட்டியையும் அழைத்துக்கொண்டு. முடிந்தால் பாட்டி காலமெல்லாம் போன ஜெப ஆலயத்து ரப்பியாக இருக்கட்டும். யாரோ ஒருவர் போனில் சொன்னார் என்றால் எடுபடாது.

ஹைஃபா பெரியவர் கதையின் மீதி இங்கேதான் வருகிறது. அடுத்த வருஷம் அவருடைய மகன் ரப்பியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். ரப்பி சின்னப் பையன், முப்பது வயது இருக்கும். பெரியவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 'போன வருஷம் வரை பட்டினி இருப்பது உங்கள் கடமை, இந்த வருஷம் சாப்பிடுவது உங்கள் கடமை, இரண்டையும் சொன்னவர் ஒருவர்தான்' என்றார். எனக்கு அப்போது எபிரேயம் அரைகுறை, மகன்தான் பிறகு விளக்கினார். பெரியவர் அழுதார். ஆனால் தலையை ஆட்டினார்.

அப்புறம் ரப்பி என்னைப் பார்த்து மருந்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் கப் இருக்கிறதா என்று கேட்டார். நாம் சிரப் அளந்து கொடுப்போமே, 30 மில்லி கோடு போட்ட கப், அதேதான். பெரியவரை வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கப்பில் துப்பச் சொன்னார். கன்னம் நிறையக் கொள்ளும் அளவுதான் கணக்கு, குடிப்பது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அவர் கப்பில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். உணவுக்கும் அதே போல ஒரு சின்ன அளவு. ஒரு முறை கொடுத்தால் அடுத்தது ஒன்பது நிமிடம் கழித்து. சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்குத் தனிக் கணக்கு. இதற்கு 'ஷியூரிம்' என்று பெயர், அளவுகள் என்று அர்த்தம். உண்பது என்று சட்டம் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கீழே நிற்பதால் உடம்புக்கு உணவும் போகிறது, விரதத்தின் நூலும் அறுந்துபோகவில்லை.

முதலில் எனக்கு இது சட்டத்தை ஏமாற்றும் வேலை மாதிரிதான் தெரிந்தது. அன்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக் கொடுத்த பிறகு அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு கப்புக்கும் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிற்பார். பசிக்கிறது என்று அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை இன்றைக்கு என்ன நாள் என்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். பட்டினி கிடந்திருந்தால் மதியம் தூங்கியே போயிருப்பார்.

கணக்குப் போட்டுப் பார். 30 மில்லி என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஆறு கப், அதாவது 180 மில்லி. குறைவில்லை. உன் பாட்டிக்கு இது போதுமா, அல்லது சாதாரணமாகவே சாப்பிட வேண்டுமா என்பதை டாக்டரும் ரப்பியும் பேசித் தீர்க்கட்டும். அளவும் இடைவெளியும் அவருடைய ரப்பி சொல்வதுதான், ஹைஃபா கணக்கை நீ அங்கே நீட்டாதே. அன்று குத்திப் பார்க்கலாமா, சென்சார் என்றால் போனை நீ கையில் எடுத்து ஸ்கேன் செய்யலாமா, மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் உண்டா என்பதையும் ரப்பியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். வயதானவர்கள் மாத்திரையை வறட்டு வாயில் விழுங்கினால் தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

பாட்டி அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வில்னா கதையை மகனிடம் சொல்லிப் பேரப்பிள்ளைகள் யாரையாவது சொல்ல வை. இன்றைய லிதுவேனியாவில் இருக்கும் அந்த ஊரில் 1848இல் காலரா. யிஸ்ராயேல் சலாந்தர் என்ற பெரிய ரப்பி, யோம் கிப்பூர் அன்று பலவீனமானவர்கள் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னாலும் தானே எடுத்து உண்டு காட்டினார் என்று சொல்வார்கள். நடந்த விதத்தைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள், ஆனால் பல யூத வீடுகளில் அந்தக் கதை தெரியும்.

எல்லாம் பேசி முடித்த பிறகும் அன்று சர்க்கரை இறங்கலாம். 70க்குக் கீழே வந்தால் கப்பும் கிடையாது, ஒன்பது நிமிடமும் கிடையாது. 15 கிராம் சர்க்கரை, அதாவது அரை டம்ளர் ஜூஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், ஒரே மூச்சில். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பாட்டி பைசோபுரோலால் சாப்பிடுவதால் கை நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வையைப் பார். பிடரியைத் தொட்டுப் பார். திடீர்க் கோபம், பழைய ஊர்ப் பேச்சு, கேட்டதற்குப் பொருந்தாத பதில், எல்லாம் அறிகுறிதான். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை, 101க்குப் போன் செய். ஊரே அடங்கியிருக்கும், ஆனால் மாகென் தாவித் அதோம் ஆம்புலன்ஸ் ஓடும். நீ யூதப் பெண் இல்லை என்பதால்தான் போனைத் தொடும் வேலை உனக்கு என்று நினைக்காதே. உயிர் காக்கும் காரியத்தை வெளியாளிடம் தள்ளிவிடாமல் பெரியவர்களே முன்னின்று செய்ய வேண்டும் என்பது அவர்கள் தல்மூத்தில் இருப்பது. மகன் பக்கத்தில் இருந்தால் அவரே செய்யலாம்.

முந்தின நாளைப் பற்றிக் கொஞ்சம். ஒன்பதாம் நாள் நன்றாகச் சாப்பிடுவதையே அவர்கள் புண்ணியமாகக் கருதுகிறார்கள், அன்று உண்டவன் இரண்டு நாளும் விரதம் இருந்ததற்குச் சமம் என்று ஒரு பேச்சு உண்டு. பாட்டியிடம் அதைச் சொன்னாலே ஒரு கிண்ணம் சூப் கூடுதலாக இறங்கும். உப்பைக் குறை. காபியை ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வா, இல்லையென்றால் தலைவலிதான். தண்ணீர் நிறையக் கொடு என்று பொதுவாகச் சொல்வார்கள். இதயம் பலவீனமானவருக்கு அதற்கும் ஒரு எல்லை உண்டு, டாக்டரிடம் கேள். அந்த நாட்களில் யாராவது கோழியைத் தலையைச் சுற்றி மந்திரம் சொல்வதைப் பார்த்தால் திகைத்துவிடாதே. நம் ஊரில் திருஷ்டி கழிக்கக் கோழி சுற்றுவோமே, பார்க்க அப்படித்தான் இருக்கும். இப்போது பல பேர் கோழிக்குப் பதில் காசைச் சுற்றி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

காலணியை மறக்காதே. அன்று தோல் செருப்பு போடக் கூடாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கீழே ரப்பர் கிராக்ஸ் என்று பெரிய மனிதர்கள் நடந்து போவதைப் போன வருஷமே பார்த்திருப்பாய். பாட்டியின் சர்க்கரைக்காரர் ஷூ தோலாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய ரப்பர் செருப்பில் ஜெப ஆலயத்துப் படியேறினால் சறுக்கும், காலில் புண்ணும் வரும். அடிப்பாகம் கெட்டியான கேன்வாஸ் ஷூ ஒன்றை இப்போதே வாங்கிப் போட்டுப் பழக்கு. குளிக்கவும் எண்ணெய் க்ரீம் பூசவும் அன்று தடை. ஆனால் அசுத்தத்தைக் கழுவத் தடை இல்லை, டாக்டர் சொன்ன களிம்புக்கும் தடை இல்லை. டயபர் மாற்றும்போது தயங்காமல் கழுவு.

ஒரு சின்னக் காரியம், இது மருந்து இல்லை, ஆனால் பாட்டிக்குப் பிடிக்கும். மொராக்கோக்காரர்கள் போன்ற செஃபார்தி யூதர்கள் விரதத்தன்று வாசனை முகர்ந்து ஆசி சொல்வார்கள். குவின்ஸ் என்று ஒரு மஞ்சள் பழம் சந்தையில் அந்த மாதத்தில் வரும், பார்க்கக் கரடுமுரடான பேரிக்காய் மாதிரி. அதில் கிராம்பை வரிசை வரிசையாகக் குத்தி வைத்தால் அறை முழுக்க மணக்கும். ஞாயிறு மத்தியானம் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து இருவருமாகக் குத்துங்கள். தோல் கெட்டி, விரல் வலிக்கும், முதலில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொள்.

நீ பட்டினி இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. நீ கால் தடுமாறினால் அந்த வீட்டில் தூக்க ஆள் இல்லை. ஞாயிறு மத்தியானத்தோடு பஸ் நிற்கும், கடைகள் மூடும், மருந்துக்கடையும்தான். உனக்கான சாப்பாட்டை முன்பே செய்து வை. மீன் வறுத்து அந்த வாசனையில் வீட்டாரை வதைக்காதே, தயிர்சாதமோ ரொட்டியோ போதும், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடு. விரதம் இருப்பவர்களைப் பார்த்து 'த்ஸோம் கால்' என்று சொல், விரதம் இலேசாகப் போகட்டும் என்று அர்த்தம். பாட்டிக்கு அதைச் சொல்லாதே, அவர் இந்த முறை சாப்பிடப் போகிறவர். 'க்மார் ஹத்திமா தோவா' என்று சொல். நல்ல தீர்ப்பு எழுதி முத்திரை விழட்டும் என்பது அது.

இப்போது மோதிரம்.

நீ 'பரவாயில்லை' என்றது நம் பழக்கம். பெரியவர்கள் இறங்கி வந்து கேட்டால் மேலே பேசாமல் முடித்துவிடுவோம். பாட்டி கேட்டதன் கனம் வேறு. அவர்கள் கணக்கில் யோம் கிப்பூர், கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் தீர்க்கும். மனிதருக்குச் செய்த பிழை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது. இதையும் அதே மிஷ்னா அதிகாரம்தான் சொல்கிறது. நோயாளிக்குச் சாப்பாடு கொடு என்று சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் கீழே. மைமோனிடிஸ் என்றொரு மேதை, நம் தொழில்காரர், எகிப்தில் வைத்தியம் பார்த்தவர், 1204இல் இறந்தார். அவர், வெறும் வார்த்தையால் நோகடித்திருந்தாலும் நேரில் போய்ச் சமாதானப்படுத்த வேண்டும், முதலில் மனசு இறங்காவிட்டால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பவும் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தார். கேட்கப்படுகிறவர் கல்மனசாக இருக்கக் கூடாது என்றும் எழுதினார்.

அப்படியென்றால் கேட்பது பாதி, சமாதானம் ஆவது மீதி. உனக்கு ஆறவில்லை என்றால் அந்த மீதி இன்னும் நடக்கவில்லை. ஏன் ஆறவில்லை என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. உன்னிடம் தனியாகத்தான் மன்னிப்புக் கேட்டார். பழியை மகனிடமும் எதிர்வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அங்கே உன் பெயர் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரு நல்ல நேரம் பார்த்து, காலை டீக்குப் பிறகு, சொல்: 'சவ்தா, நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் எதிர்வீட்டு அம்மா இன்னும் என்னைப் பார்த்ததும் பையைப் பிடித்துக்கொள்கிறார். மோதிரம் கோட்டில் கிடைத்தது என்று அவரிடமும் மகனிடமும் நீங்களே சொன்னால் என் மனசு ஆறும்.' குரலை உயர்த்தாதே. அவருக்கு இது புதுசாக இருக்காது. அன்று முழுக்க நெஞ்சில் தட்டிக்கொண்டு அவர் சொல்லப்போகும் பாவ அறிக்கையில் நாக்கால் செய்த பிழைகள்தான் எத்தனை! அதுவும் 'நான்' என்று இல்லை, 'நாங்கள் செய்தோம்' என்றுதான் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதே. 'நீங்கள் சாப்பிட்டால்தான் மன்னிப்பேன்' என்று சொல்ல நாக்கு துடிக்கும், எனக்கும் துடித்தது. பேரம் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். ஹைஃபா பெரியவரிடம் அந்தச் சர்க்கரைத் தண்ணீருக்காக நான் ஒரு வருஷம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டேன், ரப்பி வந்துபோன அன்று சாயங்காலம். அவர் 'அதை நான் அப்போதே விட்டுவிட்டேன்' என்றார். பொய் சொன்னார். மாத்திரை அட்டையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதை அன்றிலிருந்துதான் நிறுத்தினார்.

திங்கள் சாயங்காலம் முடிந்தால் பாட்டியைக் கடைசித் தொழுகைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு போ. பெண்கள் பகுதி மாடியில் இருந்தால் கீழே ஓரமாக இடம் கேள், தருவார்கள். கப்பும் ஜூஸும் பையில் இருக்கட்டும். முடியும்போது ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். சுற்றிலும் எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், நீ ஓடாதே. முதலில் குத்திப் பார், பிறகுதான் சாப்பாடு. அன்று ராத்திரி எல்லோரும் தட்டு நிறைய இனிப்பு வைப்பார்கள், பட்டினியில் இறங்கியது விருந்தில் 300க்கு ஏறிவிடும். சூப், கொஞ்சம் சாதம், கோழி. இன்சுலின் எவ்வளவு என்பது டாக்டர் எழுதிய தாளில் இருக்கும்.

படுக்கும் நேரத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும். பயந்துவிடாதே. அடுத்த பண்டிகைக்குப் பந்தல் போடுகிறார்கள்.